நீலம் பார்க்கப் போன இடத்தில்

கண்ணாடிக் கதவு எங்களுக்குப் பின்னால் சாத்திக்கொண்டது. இனி பதினைந்து நிமிடம் இந்த அறைக்குள்தான் உட்கார்ந்திருக்க வேண்டும், எங்கள் மேல் ஒட்டிக்கொண்டு வந்த தூசியும் ஈரமும் அடங்கிய பிறகுதான் எதிர்க்கதவு திறக்கும், உள்ளே போனால் இன்னொரு பதினைந்து நிமிடம், அதோடு சரி, இந்தக் கூட்டம் வெளியே, அடுத்த கூட்டம் உள்ளே, என்று நஸ்ரின் டிக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துச் சொல்கிறாள். எழுநூறு வருஷத்துக்கு முன்னால் வரைந்த சுவர் ஓவியங்களாம், மனுஷர்களின் மூச்சுக்காற்று பட்டே கெட்டுப்போகின்றனவாம். என் மூச்சோ இன்று காலையிலிருந்து ஒரு நிலையில் இல்லை, என்னைப் போய் உள்ளே விடுகிறார்களே, இவர்களுக்குப் புத்தி இருக்கிறதா. ரெண்டு கோடு. ஸ்வெட்டர் பாக்கெட்டில் கை விட்டுப் பார்க்கிறேன், இருக்கிறது, டிஷ்யூ பேப்பரில் சுற்றின அந்தக் குச்சி. பையை லாக்கரில் வைக்கச் சொன்னபோது பாஸ்போர்ட்டைக்கூட வைத்துவிட்டேன், இதை மட்டும் எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். ஒருமுறை பார்த்துவிட்டுக் குப்பையில் போட வேண்டிய சாமான், நான் அதைக் கட்டிக்கொண்டு அலைகிறேன். நேற்று சாயங்காலம் மருந்துக்கடையில் வயிற்றைத் தொட்டுக் காட்டினால் அந்தப் பெண் வயிற்றுவலி மாத்திரையை எடுத்து நீட்டுகிறாள், இல்லை இல்லை என்று இரண்டு கையையும் சேர்த்துப் பிள்ளையை ஆட்டுவதுபோல ஆட்டிக் காட்டினேன், அவள் ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், கடையில் இருந்த எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஊர் பேர் தெரியாத ஆறு பேருக்குத் தெரிந்த விஷயம் இன்னும் மாமாவுக்குத் தெரியாது. எங்கள் பக்கத்தில் புருஷனை மாமா என்றுதான் கூப்பிடுவோம். ஏழுமலை மாமா வாலாஜாவில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார், கோ-கோ டீமுக்குக் கோச், கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும், வீட்டில்கூட என்னைக் கூப்பிட வாய் திறக்கச் சோம்பல்பட்டு அதைத்தான் ஊதுவார். காலையில் ரெண்டு கோட்டைப் பார்த்ததும் போனை எடுத்தேன், அழைக்காமலே கீழே வைத்தேன். மறுபடி எடுத்தேன், வைத்தேன். முப்பத்தேழு வயதில், ஆறு வருஷம் கழித்து, நாள் தள்ளிப்போய்ப் பதினாறு நாள். எழுந்து நின்று கத்த வேண்டும்போல இருக்கிறது, ஆனால் இந்த அறையில் காற்று கலங்கக் கூடாதாம்.

நான் வந்தது நீலம் பார்க்க. ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் பன்னிரண்டு வருஷமாகக் கலர் பார்க்கிறவள் நான், வாங்குகிறவன் துண்டுத் தோலைக் காட்டி இதே நிறம் வேண்டும் என்றால் அதே நிறத்தைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும், ஒரு சிட்டிகை கறுப்பு கூடினாலும் அவன் கண்ணுக்குத் தெரியும், அதற்கு முன்னால் என் கண்ணுக்குத் தெரியும். இந்த வெளிநாட்டுத் தோல் கண்காட்சிக்கு என்னையும் நஸ்ரினையும் அனுப்பினார்கள். பேசுவதற்கு அவள், பேர்ணாம்பட்டுக்காரி, இருபத்தாறு வயது, நாலு பாஷையில் பேரம் பேசுவாள். நிறம் சொல்வதற்கு நான். முந்தாநாள் தோல் வாங்குகிற ஒரு தாடிக்காரர் கண்காட்சியில் எங்கள் கடைக்கு வந்து நான் கலந்து கொண்டுபோன ஏழு நீலத்தையும் ஒவ்வொன்றாக விரலால் தள்ளினார். எல்லாம் செத்த நீலம் என்றார். ரயிலில் ஒரு மணி நேரம் போனால் ஒரு சின்ன தேவாலயம் இருக்கிறது, அதன் கூரையைப் பார்த்துவிட்டு வந்து எனக்கு நீலம் போடு என்றார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அதனால்தான் இன்று லீவு நாளில் இங்கே வந்து, கழுத்துக்கு அடியில் என் சொந்த நீலத் தோல் துண்டுகள் ஏழையும் வளையத்தில் கோத்து மாட்டிக்கொண்டு, கண்ணாடிக்குள் வைத்த ஜிலேபியாட்டம் உட்கார்ந்திருக்கிறேன். நஸ்ரின் முழங்கையால் இடிக்கிறாள். "அக்கா, இன்னாக்கா தானா சிரிக்கிற? யாருன்னா பாத்தா நம்மள வெளிய தள்ளிருவாங்க" என்கிறாள். ஒன்றுமில்லை என்கிறேன். ஒன்றுமில்லையாம். மூன்று மாசம் முடிகிறவரைக்கும் வெளியே சொல்லக் கூடாது, கண் பட்டுவிடும். போன தடவை ரெண்டாவது மாசமே தெரு முழுக்கச் சொல்லியாயிற்று, அம்மா பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேசரி கொடுத்தாள், அதை இப்போது நினைக்க வேண்டாம். நீலத்தை நினை. சுவரில் ஒரு டிவி மாட்டியிருக்கிறார்கள், அதில் படம் ஓடுகிறது, அதைப் பார்.

டிவியில் கூரை வருகிறது, தாடிக்காரர் சும்மா சொல்லவில்லை. கீழே இங்கிலீஷில் எழுத்து ஓடுகிறது, எழுத்துக்கூட்டிப் படிக்கிறேன். சுவரில் சுண்ணாம்புச் சாந்து பூசி அது காய்வதற்குள் வண்ணம் வைத்துவிடுவார்களாம், அன்றன்றைக்கு எவ்வளவு வரைய முடியுமோ அவ்வளவு சாந்துதான் பூசுவார்களாம், ஈரத்தில் வைத்த வண்ணம் சுவருக்குள்ளேயே இறங்கிவிடுமாம். இந்த நீலக்கல் பொடியை மட்டும் ஈரத்தில் வைக்க முடியாதாம், காய்ந்த பிறகு பசையில் குழைத்து மேலாகப் பூசினார்களாம், அதனால்தான் எழுநூறு வருஷத்தில் மற்ற நிறங்கள் நின்றுவிட்டன, நீலம் மட்டும் அங்கங்கே உதிர்ந்துபோயிற்று. அட, என் ஆளே! இதே தொல்லைதான் எனக்கும். காய்ந்த தோலின் மேல் பூசினால் பார்க்க ஜோராக இருக்கும், டேப்பை ஒட்டி ஒரு இழுப்பு இழுத்தால் மொத்தமும் டேப்போடு வந்துவிடும். எழுநூறு வருஷத்துக்கு முன்னால் ஒருத்தன் சாரத்தில் நின்றுகொண்டு இதையே நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டிருப்பான். அவனோடு ஒரு டீ குடித்தால் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன், நினைத்துக்கொண்டே இருக்கும்போது டிவியில் படம் மாறுகிறது, ஒரு பிணம். ஆம்பிளை, வெற்றுடம்பு, நீட்டிப் படுக்கவைத்திருக்கிறார்கள். ஒரு அம்மா அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு குனிந்திருக்கிறாள். சுற்றிலும் அழுகிறார்கள். இயேசுவைச் சிலுவையிலிருந்து இறக்கிய பிறகு மரியாள் புலம்புவது, இந்தத் தேவாலயத்திலேயே பேர்போன ஓவியம் இதுதான், உள்ளே போனதும் இடது பக்கச் சுவரில், என்று கீழே எழுத்து ஓடுகிறது. நான் எழுந்து நின்றுவிட்டேன். "இன்னாக்கா?" என்கிறாள் நஸ்ரின். நான் மறுபடி உட்கார்ந்தேன். உள்ளே சாவு நடந்துகொண்டிருக்கிறது. நான் வயிற்றில் ரெண்டு கோட்டோடு சாவு வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறேன்.

வயிற்றுப்பிள்ளைக்காரி எழவு வீட்டு வாசற்படியை மிதிக்கக் கூடாது. இதை யாரும் எனக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் மிதிக்கவில்லையே. சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டு அப்படியே இருந்தேனே. போன தடவை எட்டாம் மாசம், கையில் வளைகாப்பு வளையல்கள், அப்பா ஆற்காட்டில் டீக்கடை பெஞ்சிலேயே சாய்ந்துவிட்டார் என்று போன் வந்தது, நான் செருப்பைத் தேடுகிறேன், அம்மா மறுபடி போன் பண்ணுகிறாள். அழுதுகொண்டே, ஆனால் தெளிவாக. "நீ வராத ரேணு. வவுத்துப் புள்ளக்காரி இங்க வரக் கூடாது. மாப்பிள்ளைய மட்டும் அனுப்பு. உங்கப்பனே இருந்தாலும் இதத்தான் சொல்லுவாரு." மாமா மட்டும் போனார். நான் வாலாஜாவில் கட்டில் நுனியில் உட்கார்ந்திருந்தேன், எட்டுக் கிலோமீட்டர் தூரத்தில் அப்பாவைக் குளிப்பாட்டினார்கள், தூக்கினார்கள், எல்லாம் முடிந்தது. அப்பாவின் வலது காதின் மேல் ஓரம் உள்பக்கமாக மடிந்திருக்கும், சின்ன வயதில் அவர் மடியில் உட்கார்ந்து அதை நீவி நீவி நிமிர்த்துவேன், கையை விட்டதும் திரும்ப மடிந்துகொள்ளும், அவர் சிரிப்பார். கடைசியாக ஒரு தடவை அதைத் தொட்டுப் பார்த்திருக்கலாம். போகவில்லை. பிள்ளைக்காகப் போகவில்லை. பதினோராம் நாள் பிள்ளை அசையவில்லை. ஆஸ்பத்திரியில் வயிற்றில் வைத்துப் பார்த்த கருவியை நகர்த்தி நகர்த்தி அந்த டாக்டரம்மா பேச்சை நிறுத்திவிட்டார். செத்த பிள்ளையைப் பெற்றேன். பெண் என்று சொன்னார்கள். காட்டவில்லை. தாய்க்குக் காட்டக் கூடாது, பார்த்தால் மனசில் நின்றுவிடும், அடுத்தது தங்காது என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள், அத்தை, அம்மா, ஆயாம்மா, எல்லோரும். அதையும் கேட்டுக்கொண்டேன். கேட்டுக் கேட்டு என்ன கிடைத்தது எனக்கு. அப்பா முகத்தையும் பார்க்கவில்லை, பாப்பா முகத்தையும் பார்க்கவில்லை. நான் பார்த்தது மாமாவின் முதுகைத்தான். நீலக் கட்டம் போட்ட சட்டை, தோளுக்கு நடுவே வியர்வை, கையில் வெள்ளைத் துணியில் என்னமோ வைத்துக்கொண்டு வார்டு வாசலைத் தாண்டிப் போகிறார். "மாமா" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. சாயங்காலம் குளித்த தலையோடு வந்து முடிஞ்சிடுச்சு என்றார். ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. அன்றிலிருந்து இந்த ஆறு வருஷத்தில் நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பாப்பா எப்படி இருந்தது என்று ஒரே ஒரு கேள்வி. சாப்பிட உட்காரும்போது வாய் வரைக்கும் வரும், ரசம் இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா என்று மாறிவிடும்.

மஞ்சள் பட்டை கட்டிய காவல்காரப் பெண் வந்து நிற்கிறாள். யாருக்காவது மூச்சு முட்டுகிறதா, உடம்பு சரியில்லையா, வெளியே போவதானால் இப்போதே சொல்லுங்கள், பின்கதவைத் திறந்துவிடுகிறேன், உள்ளே போன பிறகு நடுவில் வர முடியாது என்று இங்கிலீஷில் சொல்கிறாள். சொல்லிவிட்டு என்னையே பார்க்கிறாள். என் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறதா என்ன. போய்விடலாம். நல்லது. வெளியே வெயிலில் உட்கார்ந்திருக்கலாம், நஸ்ரினைக் கூரையைப் போட்டோ எடுத்துவரச் சொல்லலாம். போட்டோவில் நீலம் சரியாக வராது, எந்த நீலமும் வராது. சும்மா சுண்ணாம்பும் கல்பொடியும், அதற்குப் போய் ஒருத்தி பயப்படுவாளா, கெமிஸ்ட்ரி படித்தவள் நீ. படித்தவள்தான், ஆனால் இங்கே வேப்பிலைக்கு எங்கே போவேன். இரும்பாவது இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறேன், இருக்கிறது, துப்பட்டாவில் ஊக்கு ஒன்று, அது இரும்பா இல்லை வெறும் முலாமா, ஓட்டல் சாவி பிளாஸ்டிக் அட்டை, அது எதற்கும் ஆகாது. ஊக்கை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன். மேலே மட்டும் பார்ப்போம். கூரையை மட்டும். இடது பக்கம் திரும்பவே கூடாது, பிள்ளை வயிற்றில் இருக்கும்போது கிரகணத்துக்குத் திரும்பாமல் இருந்ததில்லையா, அந்த மாதிரி. எதிர்க்கதவு சத்தமில்லாமல் திறந்துகொண்டது. எல்லோரும் எழுந்தார்கள். என் காலும் எழுந்தது, நான் சொல்லாமலே.

நீலம். ஐயோ, நீலம். மேலே பார்த்தபடியே நடந்ததில் முன்னால் போன கிழவரின் குதிகாலை மிதித்துவிட்டேன், சாரி சாரி. தொட்டி கவிழ்த்ததுபோல வளைந்த கூரை முழுக்க அது, நடுநடுவே பொன் நட்சத்திரங்கள். இதில் கறுப்பு இல்லை, ஒரு சிட்டிகைகூட இல்லை, நான் ஆழம் வேண்டும் என்று கறுப்பைப் போட்டுத்தான் ஏழையும் சாகடித்திருக்கிறேன். ஆழத்துக்குக் கறுப்பு வேண்டாமடி முட்டாளே. அடியில் சிவப்பு போட்டிருக்கிறான்! அதோ, உதிர்ந்த இடத்தில் எட்டிப் பார்க்கிறது, செம்மண் மாதிரி ஒரு சிவப்பு, அதன் மேல்தான் நீலம். அதனால்தான் இந்தச் சூடு. கண்டுபிடித்துவிட்டேன். தாடிக்காரரே, வாரும், உமக்கு நான் போடுகிறேன் பாரும் ஒரு நீலம். துண்டுகளைத் தூக்கிக் கூரைக்கு நேராகப் பிடித்துப் பார்க்கிறேன், காவல்காரப் பெண் விரலை ஆட்டுகிறாள், தொடவில்லையம்மா, தொடவில்லை, சும்மா பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். அடிவயிற்றில் என்னமோ குறுகுறுக்கிறது, ஆறு வாரத்தில் ஒன்றும் குறுகுறுக்காது என்று தெரியும், ஆனாலும் குறுகுறுக்கிறது. எந்தெந்த இடத்தில் உதிர்ந்திருக்கிறது என்று கண்ணால் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே போகிறேன், கூரை முடிகிறது, சுவர் தொடங்குகிறது, சுவரிலும் அதே நீலம், ஒரு வானம், அந்த வானத்தில் சின்னச் சின்னதாகச் சிறகு வைத்த பத்துப் பேர். தேவதைகள்தான். அழுகிறார்கள். ஒருத்தி முடியைப் பிய்த்துக்கொள்கிறாள், ஒருத்தி கன்னத்தில் அறைந்துகொள்கிறாள், ஒருத்தி முகத்தைத் துணியில் புதைத்துக்கொள்கிறாள், கடைசி பஸ்ஸைப் பிடித்து வந்து இறங்கின சொந்தக்காரிகளாட்டம் ஆளுக்கு ஒரு பக்கம் பறக்கிறார்கள். இடது பக்கச் சுவர். திரும்பிவிட்டேன்.

சரி, வானத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று பார்த்தால் வரைந்த ஆள் விடவில்லை. வலது மேல்மூலையில் இலையில்லாத ஒரு மரம், அதன் அடியிலிருந்து ஒரு மொட்டைப் பாறை சரிவாக இறங்குகிறது, கண்ணை அதில் வைத்தால் போதும், நிற்க முடியாது, சறுக்கிக்கொண்டு கீழே வந்து விழ வேண்டியதுதான், விழுகிற இடத்தில் அந்த அம்மாவின் முகம். அவள் கத்தவில்லை. வாய் கொஞ்சமாகத் திறந்திருக்கிறது. மகனின் கழுத்தைக் கையால் அணைத்து, முகத்தோடு முகம் வைத்து, மூக்குக்கும் மூக்குக்கும் விரற்கடை இடம்கூட இல்லாமல் பார்க்கிறாள். பார்க்கிறாள், அவ்வளவுதான். அவளை யாரும் தடுக்கவில்லை. தாய்க்குக் காட்டாதே என்று யாரும் சொல்லவில்லை. புருவம், இமை, மூக்கு, மீசை முளைத்த இடம், எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொள்கிறாள். ஈரத்திலேயே. அது போதும், அந்த முகம் அவளுக்குள் இறங்கிவிடும், இனி எழுநூறு வருஷம் ஆனாலும் உதிராது. எங்களைத்தான் ஈரத்தில் பார்க்க விடவில்லை. எல்லாம் காய்ந்த பிறகு மேலாக ஒரு பூச்சு பூசிக்கொண்டு வேலைக்குப் போனேன், சிரித்தேன், கலர் பார்த்தேன், ஆறு வருஷமாக உதிர்ந்துகொண்டே இருக்கிறேன். அழுகிறேன் போலிருக்கிறது. ஆனால் துக்கம் இல்லை இது, எப்படிச் சொல்வேன், பொறாமையும் சந்தோஷமும் சேர்ந்து வருகிறது, ஒருத்திக்காவது கிடைத்ததே என்று. பயம் எங்கே? தேடிப் பார்க்கிறேன். ஊக்கைப் பிடித்திருந்த கை எப்போதோ விட்டுவிட்டிருக்கிறது. அப்புறம்தான் ஓவியத்தில் முன்னால் உட்கார்ந்திருக்கிற ரெண்டு பேரைப் பார்த்தேன். அவ்வளவு நேரம் அவர்களைத் தாண்டியே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். தரையில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தலையோடு முக்காடு போட்டுக் குனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். முகமே இல்லை. வெறும் துணி, அகலமான முதுகு, ஒருத்தியின் கை மட்டும் அவன் தலையைக் கீழிருந்து தாங்குகிறது. இந்த ஓவியக்காரன் நிச்சயம் சாவு வீட்டுக்குப் போயிருக்கிறான், ஆம்பிளைகள் நிற்கிற இடத்தில் நின்று பார்த்திருக்கிறான். எங்கள் ஊரில் பெண்கள் ஒருத்தி தோளில் ஒருத்தி கை போட்டு வட்டமாக உட்கார்ந்து தலையை நடுவில் வைத்து அழும்போது வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு இதுதான் தெரியும், முதுகு. ஆனால் யாருக்காவது சந்தேகம் வருமா இந்த ரெண்டு பேரும் அழுகிறார்களா இல்லையா என்று? சுவரிலேயே ரொம்ப அழுவது இவர்கள்தான். மேலே பறக்கிற பத்துப் பேரையும் சேர்த்தால்கூட இவர்களுக்கு ஈடாகாது. முகத்தைக் காட்டாததால்தான் அப்படி. முதுகே அழுகிறது.

நீலக் கட்டச் சட்டை. தோளுக்கு நடுவே வியர்வை. மாமா என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை, திரும்பவில்லை என்று ஆறு வருஷமாக அதையே சொல்லிக்கொண்டிருக்கிறேனே, எப்படித் திரும்புவார்? திரும்பியிருந்தால் கையில் இருந்ததை நான் பார்த்திருப்பேன். காட்டக் கூடாது என்று சொல்லித்தானே கொடுத்தார்கள். அவர் முதுகை எனக்குக் காட்டினாரே தவிர முகத்தை யாருக்குமே காட்டவில்லை. அன்றைக்கு அந்த முகம் எப்படி இருந்தது என்று உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும், பாப்பாவுக்கு, அதுவும் கண் திறக்கவில்லை. ஐயோ மாமா. கல்லு மாதிரி நிற்கிறான் பார் என்று அத்தை சொன்னபோது நானும் ஆமாம் என்று நினைத்தேனே. பாப்பாவைப் பார்த்தது அவர் ஒருத்தர்தான். அப்பாவைக் கடைசியாகப் பார்த்ததும் அவர்தான், தூக்கியதும் அவர்தான். என்னுடைய ரெண்டு முகமும் அவரிடத்தில் இருக்கிறது, ஒரே வீட்டில், பக்கத்துத் தலையணையில், நான் கேட்காமல் கிடக்கிறேன். கேட்டால் மனசில் நின்றுவிடுமாம். நிற்கட்டுமே! அதற்குத்தானே மனசு. காலெல்லாம் பரபரக்கிறது, இப்போதே, இந்த நிமிடமே கேட்க வேண்டும், போன் லாக்கரில் இருக்கிறது. "அக்கா, அழுவுறியா?" நஸ்ரின் என் கையைப் பிடிக்கிறாள். "நீலம் கெடைச்சிருச்சு நஸ்ரின்" என்கிறேன், "அடியில செவப்பு." அவள் என்னையும் கூரையையும் மாறி மாறிப் பார்க்கிறாள். காவல்காரப் பெண் கையைத் தட்டி நேரம் முடிந்தது என்கிறாள், எல்லோரும் நகர்கிறார்கள், நான் அந்த ரெண்டு முதுகுக்கும் பின்னால் ஒரு நொடி தரையில் குந்தி உட்கார்ந்து எழுந்துகொண்டேன், சாவு வீட்டில் கடைசியாக வந்து சேர்ந்தவள் ஓரத்தில் உட்காருவாளே, அப்படி. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

வெளியே வெயில் கண்ணைக் குத்துகிறது. நஸ்ரினிடம் காப்பி வாங்கி வா என்று அனுப்பிவிட்டேன், லாக்கரிலிருந்து எடுத்த போனோடு சுவரோரமாக நின்று மாமாவை அழைக்கிறேன். இங்கே பன்னிரண்டு அடிக்கப் போகிறது, அங்கே நாலரை, பள்ளிக்கூடம் விட்டு மைதானத்தில் கோ-கோ நடக்கிற நேரம். முதலில் ரெண்டு கோட்டைச் சொல்ல வேண்டும், மற்றது பிறகு, என்று மனசுக்குள் வரிசை போட்டுக்கொள்கிறேன். மூன்றாவது மணியில் எடுத்துவிட்டார். பின்னால் பெண்பிள்ளைகளின் கூச்சல்.

"இன்னா ரேணு, இந்நேரத்துல? ஒடம்புக்கு ஒண்ணுமில்லியே?"

"மாமா, பாப்பா மொகம் எப்படி இருந்துச்சு?"

என் வாய்தான் அது. வரிசையாவது மண்ணாவது. அந்தப் பக்கம் கூச்சல் மட்டும் கேட்கிறது. யாரோ கோ என்று கத்துகிறாள், யாரோ ஓடுகிறாள். கேட்காமல் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும், சாப்பிட்டீங்களா என்று மாற்றிவிடலாமா, ரசம் ஊத்தட்டுமா என்று கேட்டுவிடலாமா, கட் பண்ணிவிட்டு லைன் போய்விட்டது என்று சொல்லிக்கொள்ளலாமா.

"முடி நெறைய இருந்துச்சு" என்றார்.

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"கறுகறுன்னு, நெத்தி வரைக்கும். மொகம் ஒன்னுதுதான், மூக்கு, மோவாய் எல்லாம். தூங்குற மாதிரிதான் இருந்துச்சு. பாலாத்துல குழி எடுக்கச் சொல்லிட்டு, எடுக்கற வரைக்கும் மணல்ல உக்காந்து மடியில வெச்சிருந்தேன் ரேணு. துணிய வெலக்கி நல்லா பாத்தேன். என்னைக்காவது நீ கேப்ப, அப்ப ஒண்ணு வுடாம சொல்லணும்னு ஒண்ணொண்ணா பாத்து வெச்சேன். நீ கேக்கவே இல்ல."

"சொல்லுங்க மாமா. எல்லாம் சொல்லுங்க."

"வெரலு நீளம். நகம் இருந்துச்சு. அப்புறம் காது. வலது காது. மேல ஓரம் உள்ளார மடிஞ்சு, அப்படியே உங்கப்பாவுது. பத்து நாளு முன்னாடிதான் அவரு காத பாத்திருந்தேன், எனக்குத் தூக்கிவாரிப்போட்டுச்சு. வெரலால நீவி வுட்டேன். திரும்ப மடிஞ்சிக்கிச்சு."

வந்துவிட்டார்கள். ரெண்டு பேரும் ஒரே காதோடு வந்துவிட்டார்கள். தெருவோரம் நின்று வாய்விட்டு அழுகிறேன், சிரிக்கிறேன், ஒரு வெள்ளைக்காரக் கிழவி நின்று பார்க்கிறாள், பார்த்துக்கொள்ளட்டும். என் வலது கை ஸ்வெட்டர் பாக்கெட்டுக்குள் இருக்கிறது, டிஷ்யூவோடு சேர்த்துக் குச்சியைப் பிடித்திருக்கிறது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இன்னாத்துக்கு இப்ப கேக்கற? அங்க இன்னா ஆச்சு?" என்றார்.

"ரெண்டு கோடு மாமா" என்றேன். "காலையில பாத்தேன். நாள் தள்ளிப் பதினாறு நாளாச்சு."

மூச்சு மட்டும் கேட்டது, இழுத்து இழுத்து, ஓடிவந்து நின்ற ஆள் மாதிரி. பிறகு விசில். காதைக் கிழிக்கிற மாதிரி ஒரே நீளமாக ஒரு விசில், நடுவில் உடைந்தது, தழுதழுத்தது, மறுபடி எழுந்தது. கூச்சல் முழுக்க நின்றுபோயிற்று, ஆட்டம் முடிந்ததென்று ஓடிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றிருப்பார்கள். அப்புறம் ஒரு பெண் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள், அவ்வளவு தூரத்திலிருந்து எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"சார், இன்னும் டைம் இருக்கு சார்!"